குடும்பச் சொத்தில் பிள்ளைகளின் பங்கு: கணக்குப் போடுவது முதல் தனிப்பட்டா வாங்குவது வரை முழுமையான வழிகாட்டி

பங்கு கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஐந்து பெயர் இருந்தால் ஐந்தில் ஒன்று என்று கணக்கையும் போட்டு முடித்திருப்பார்கள். சில குடும்பங்களில் அந்த விடை தற்செயலாகச் சரியாக இருக்கும். பல குடும்பங்களில் தவறாகிவிடும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததுதான் காரணம்.

சொத்து எப்படி வந்தது என்று பார்ப்பது முதல் வேலை. யார் எந்தத் தேதியில் இறந்தார் என்பது இரண்டாவது. ஆட்களை எண்ணுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் கணக்கு மட்டுமல்ல, எழுதும் பத்திரமும் தவறாகப் போகும்.

இங்கே சொல்வது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதே சட்டம்தான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேறு. பட்டா, பதிவு பற்றிய நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

1. முதலில் காகிதங்கள்

சொத்து முதன்முதலில் யார் பெயரில் இருந்ததோ, அவரில் தொடங்கி வம்சாவளியை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த ஆண்டு, திருமணமான நாள், இறந்த நாள் மூன்றையும் குறியுங்கள். தத்துப் போனவர், சிறுவயதில் இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், இரண்டாம் தாரம், அவர் பிள்ளைகள் என்று யாரையும் விடாதீர்கள். எப்போதோ போய்விட்டாரே என்று விட்டுவிட்ட ஒரு பெயர்தான் பின்னால் வழக்கையே கவிழ்க்கும்.

இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் தேவை. தந்தையுடையது மட்டும் போதாது. தாத்தா, பாட்டி ஆகியோருடையதும் வேண்டும். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை இறந்த நாள்தான் முடிவு செய்கிறது. பதிவே ஆகாத பழைய இறப்பாக இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து ஆணை பெற்றுப் பதிய வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

அடுத்து மூலப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு), வில்லங்கச் சான்றிதழ். வில்லங்கத்தைப் பத்திர எண் கொடுத்துத் தேடாமல் புல எண் கொடுத்துத் தேடுங்கள். பத்திர எண்ணில் தேடினால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் வரும்; தெரியாமல் நடந்த விற்பனை வராது. பழைய புல எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் உட்பிரிவுகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய பதிவேடுகளில் தேடச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றிதழில் வராது. உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. வில்லங்கம் எடுப்பது 1ஆம் புத்தகத்திலிருந்து. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர மற்றவருக்கு நகல் தரமாட்டார்கள். இறந்தபின் இறப்புச் சான்றிதழுடன் யார் கேட்டாலும் கிடைக்கும். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, அதனால் உயில் இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய தவறு.

பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு; அது உரிமையை உண்டாக்காது. 1980களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணி நடந்தபோது, அந்த நேரத்தில் நிலத்தில் நின்ற மூத்த மகனின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போன கூட்டுக்குடும்ப நிலங்கள் ஏராளம்.

2. சொத்து எந்த வகை என்று தீர்மானியுங்கள்

‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்று ஊரில் சொல்வதுண்டு. இந்தத் துறையில் இவ்வளவு பணத்தையும் காலத்தையும் வீணாக்கிய வாக்கியம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

தாத்தா 1956 ஜூன் 17க்கு முன் இறந்து, அவருடைய நிலம் உங்கள் தந்தைக்கு வந்திருந்தால் அது பூர்வீகச் சொத்து. அதில் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தந்தை உயிரோடு இருக்கும்போதே பிரித்துத் தரும்படி கேட்கலாம்.

தாத்தா அந்தத் தேதிக்குப் பிறகு, உயில் எழுதாமல் இறந்து, அந்த நிலம் அவருடைய சுயசம்பாத்தியமாகவும் இருந்தால் கதை வேறு. சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அது அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குத் தனித்தனியாகப் போகிறது. உங்கள் தந்தைக்கு வந்த பங்கு அவருடைய சொந்தச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை பேரப்பிள்ளைகளுக்கு அதில் உரிமை இல்லை. சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இலேயே இதைச் சொல்லிவிட்டது. இன்றைக்குப் பேரன் தொடுக்கும் வழக்குகளில் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

தாத்தா தன் சுயசம்பாத்தியத்தைத் தந்தைக்குத் தானமாகவோ உயிலாலோ கொடுத்திருந்தால், பத்திரத்தின் வாசகத்தைப் படியுங்கள். மகனுக்கும் அவன் சந்ததிக்கும் குடும்பச் சொத்தாகக் கொடுக்கிறேன் என்ற எண்ணம் அதில் தெரிகிறதா, மகனுக்கே சர்வ சுதந்திரமாகக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்தது. சென்னை மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன அருணாசல முதலியார் வழக்கில் 1953இல் வகுக்கப்பட்ட அளவுகோல் இது.

தாய் பெயரில் உள்ள சொத்தும் தாய்வழித் தாத்தா கொடுத்த சொத்தும் பூர்வீகம் ஆகா. தாய்க்கு 14ஆம் பிரிவு முழு உரிமை தருகிறது. அவர் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை.

தந்தை பெயரில் வாங்கிய நிலத்தைக் குடும்ப வருமானத்தில் வாங்கியது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பூர்வீக நிலம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. செலவு போக மிச்சம் வரும் அளவுக்கு அதில் விளைச்சல் இருந்தது என்றும் காட்ட வேண்டும். வானம் பார்த்த ஒரு ஏக்கரைக் காட்டி, நகரத்து மனையில் பங்கு கேட்டால் நிற்காது.

பாகம் பிரிந்து வந்த பூர்வீக நிலம் கொஞ்சம் சிக்கலானது. பிரிந்து வந்தாலும் அவரவர் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பூர்வீகமே என்பது நெடுங்கால நிலைப்பாடு. பாகம் பிரிந்தபின் அது தனிச்சொத்து ஆகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சொல்கிறது. உங்கள் சொத்து இந்த வகையாக இருந்தால் எழுத்துப்பூர்வமாக வழக்கறிஞர் கருத்து வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. தேதிகளைப் பொருத்துங்கள்

மகனுக்கு இந்தப் படி அவ்வளவாகத் தேவைப்படாது. மகளுக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாமல் இருந்த மகள்கள் பூர்வீகச் சொத்தில் மகனைப்போலவே பிறப்பால் பங்காளி ஆனார்கள். அதற்கு முன் திருமணமானவர்கள் விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. திருமணமானவரோ ஆகாதவரோ, எல்லா மகள்களும் பங்காளிகள். 1989 கணக்கை இன்றைக்கும் சொல்லி, உனக்குக் கல்யாணம் 1985இல் ஆகிவிட்டது, பங்கு இல்லை என்று தங்கையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது காலாவதியான பதில்.

தந்தை 2005க்கு முன்பே இறந்துவிட்டாரே என்ற வாதத்துக்கு 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு விடை தந்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது; 2005 செப்டம்பர் 9இல் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. மகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். சொத்து பிரிக்கப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

இந்த உரிமையை வெட்டுவது ஒரே தேதி: 2004 டிசம்பர் 20. அதற்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ பாகம் பிரிந்திருந்தால், அல்லது சொத்து விற்கப்பட்டிருந்தால், அதை மகள் கிளற முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், கூர்ச்சீட்டு (பதிவு செய்யாத பாகப் பட்டியல்) இருக்கிறது என்று சொல்வது பொதுவாக ஏற்கப்படாது. அந்தப் பிரிவினையை அப்போதே பொது ஆவணங்கள் உறுதிப்படுத்தியிருந்தால் விதிவிலக்காக ஏற்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே உங்கள் எதிரில் கூர்ச்சீட்டு நீட்டப்பட்டால், அந்த ஆண்டை ஒட்டிப் பட்டாவும் கந்தாய (நிலவரி) ரசீதும் தனித்தனியாக மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

தந்தையின் சுயசம்பாத்தியத்துக்கு இந்தத் தேதிகள் பொருந்தா. 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கு எப்போதுமே மகனுக்குச் சமமான பங்குதான். 1956க்கு முன் இறந்தவரின் தனிச்சொத்தில்கூட மகளுக்கு வாரிசுரிமை உண்டு என்று 2022 ஜனவரியில் அருணாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கே.

நகை போட்டோம், சீர் செய்தோம், படிக்க வைத்தோம் என்பவை எந்தக் கணக்கிலும் பங்கைக் குறைக்கா.

4. யாரெல்லாம் எண்ணிக்கையில் வருவார்கள்

ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாய். இந்தத் தாயைத்தான் பலர் மறக்கிறார்கள். மகனுக்குப் பின் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. பின்னர் பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அத்தைகளும் சித்தப்பாவும் உங்கள் வீட்டுச் சொத்தில் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். பாட்டி மகனுக்கு முன் இறந்தாரா, பின் இறந்தாரா என்று இறப்புச் சான்றிதழை வைத்துப் பாருங்கள்.

தந்தைக்கு முன்பே இறந்த மகனுக்காக அவர் மனைவியும் பிள்ளைகளும் வருவார்கள். முன்பே இறந்த மகளுக்காக அவர் பிள்ளைகள் வருவார்கள், மருமகன் வரமாட்டார். இவர்களை ஒரு கிளையாக எண்ணுங்கள். மூன்று பேர் இருந்தாலும் மூவரும் சேர்ந்து ஒரு பங்கு.

தாயின் வயிற்றில் இருந்த குழந்தை, பின்னர் உயிரோடு பிறந்தால், தந்தை இறந்த நாளில் பிறந்திருந்ததாகவே கொள்ளப்படும். சட்டப்படி தத்து எடுக்கப்பட்டவர் பெற்ற பிள்ளைக்குச் சமம். தத்துக் கொடுக்கப்பட்டவருக்குப் பிறந்த வீட்டில் இனி வாரிசுரிமை இல்லை. தத்துப் போகும் முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்து மட்டும் அவரோடு போகும். மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை, தத்து எடுக்கப்படாவிட்டால், இரண்டாம் கணவரின் வாரிசு ஆகமாட்டார்.

முதல் மனைவி இருக்கும்போதே நடந்த இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் பற்றித்தான் வீடுகளில் பெரிய சண்டை. அந்தத் திருமணம் செல்லாது என்பதால் அந்த மனைவி வாரிசு ஆகமாட்டார். பிள்ளைகளின் நிலை வேறு. 2023 செப்டம்பர் 1இல் ரேவணசித்தப்பா வழக்கில் வந்த தீர்ப்பின்படி, தந்தையின் சொந்தச் சொத்திலும், பூர்வீகச் சொத்தில் தந்தைக்கு விழும் பங்கிலும் அவர்களுக்கு மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான உரிமை உண்டு. ஆனால் அவர்கள் பிறப்பால் பங்காளி ஆகமாட்டார்கள். இந்த வேறுபாடு எத்தனை சென்ட் என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

மதம் மாறிய மகனோ மகளோ வாரிசுரிமையை இழப்பதில்லை. மதம் மாறியபின் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டும் உண்டு.

5. கணக்குப் போடுங்கள்

480 சென்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம். தந்தை 2010இல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். பாட்டி முன்பே காலமாகிவிட்டார்.

நிலம் தந்தையின் சுயசம்பாத்தியம் என்றால் நான்கு பேருக்கும் ஆளுக்கு 120 சென்ட். இதோடு முடிந்தது.

பூர்வீகம் என்றால் கணக்கு இரண்டு கட்டமாக ஓடும். தந்தை இறப்பதற்கு முந்தைய கணம் பாகம் பிரிந்ததாகக் கற்பனை செய்ய வேண்டும். பங்காளிகள் நால்வர்: தந்தை, மகன், இரு மகள்கள். ஆளுக்கு 120 சென்ட். தென்னிந்திய வழக்கப்படி இந்தக் கட்டத்தில் மனைவிக்குத் தனிப்பங்கு கிடையாது. அடுத்து, தந்தையின் 120 சென்ட் மட்டும் வாரிசுகள் நால்வருக்குப் பிரியும், ஆளுக்கு 30. ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 150, தாய்க்கு 30.

பாட்டி உயிரோடு இருந்திருந்தால் இரண்டாம் கட்டத்தில் ஐந்து பேர், ஆளுக்கு 24. பிள்ளைகளுக்கு 144 வீதம், தாய்க்கு 24, பாட்டிக்கு 24. பாட்டிக்குப் பதில் செல்லாத திருமணத்தில் பிறந்த ஒரு மகன் இருந்தாலும் இதே எண்தான்: அவருக்கு 24 சென்ட். அவரும் 144 கேட்க முடியாது; அவருக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போது இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூர்வீகமா, சுயசம்பாத்தியமா என்பதால் உடனடியாக இழப்பவர் தாய்தான். 120 சென்ட் 30 ஆகிறது. தாயும் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போய், இரண்டு வகையிலும் ஆளுக்கு 160 சென்ட் என்றே வந்து நிற்கும். ஆகவே தாய், தந்தை இருவரும் உயில் எழுதாமல் காலமாகி, சொத்தும் அப்படியே இருந்தால், பூர்வீகமா இல்லையா என்று உடன்பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது பெரும்பாலும் வீண். தந்தை உயிரோடு இருக்கும்போது பங்கு கேட்டால், அவர் உயில் எழுதியிருந்தால், சொத்தை விற்றிருந்தால், பேரப்பிள்ளைகள் நேரடியாகக் கேட்டால், அப்போதுதான் அந்தக் கேள்விக்கு மதிப்பு.

6. பங்கை மறைக்கும் பத்திரங்களைச் சோதியுங்கள்

உயில். தந்தை தன் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு பிள்ளையை முற்றிலும் ஒதுக்கலாம். பூர்வீகத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 480 சென்ட்டையும் மகனுக்கு எழுதியிருந்தால், 120க்கு மட்டுமே அது செல்லும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். உயில் நீட்டப்பட்டவுடன் சாட்சிகள் யார், சொத்தைப் பெறுபவருக்கு அவர்கள் என்ன உறவு என்று விசாரியுங்கள்.

செட்டில்மெண்ட். உயிலுக்குச் சொன்னதை இதற்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். பூர்வீகத்தில் தன் பிரியாத பங்கை உயிலாக எழுதச் சட்டம் அனுமதிக்கிறது. உயிரோடு இருக்கும்போது மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றி அதைத் தானமாகக் கொடுப்பது பொதுவாகச் செல்லாது.

விடுதலைப் பத்திரம். பிரியாத சொத்தில் இருக்கும் பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவுப் பத்திரம் வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிப் பீரோவில் வைத்திருப்பது விடுதலை ஆகாது. தந்தை உயிரோடு இருக்கும்போது, அவருடைய சுயசம்பாத்தியத்தில் பின்னால் வரப்போகும் பங்கை முன்கூட்டியே விடுதலை எழுதுவதும் அடிப்படையில் செல்லாது. இல்லாத உரிமையை மாற்ற முடியாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் எச்சரிக்கை தேவை. அப்படி எழுதியவரின் பிள்ளைகள் பின்னர் பங்கு கேட்க முடியாமல் போன தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது.

விற்பனை. பூர்வீகச் சொத்தைக் கர்த்தா, அதாவது குடும்பத் தலைவராக நின்று அதை நிர்வகிப்பவர், குடும்பத் தேவைக்கு விற்கலாம். கடன், மருத்துவம், திருமணம் போன்றவை அதில் அடங்கும். மகள் பங்காளி ஆனது இந்த அதிகாரத்தைப் பறிக்கவில்லை. அந்தத் தேவை உண்மையா என்பதுதான் சண்டை.

7. மைனர் பிள்ளையின் பங்கு

மைனருக்கு வாரிசாகத் தனியே சேர்ந்த நிலத்தையோ வீட்டையோ தாயோ தந்தையோ விற்பதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றிருந்தால், பிள்ளை 18 வயது நிறைந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்க்க வேண்டும். 21 வயதில் கண்விழிப்பவர்களுக்கு நேரம் முடிந்துவிடும்.

பிரியாத கூட்டுக்குடும்பச் சொத்தில் மைனருக்கு இருக்கும் பங்குக்கு இந்த அனுமதி விதி பொருந்தாது. கர்த்தா குடும்பத் தேவைக்கு விற்கலாம். பாகப்பிரிவினையைப் பொறுத்தவரை, அது மைனருக்கு அநியாயமாக இருந்தால் மட்டும் பின்னால் திறக்க முடியும். அதனால் மைனர் உள்ள குடும்பத்தில் பங்குகளின் மதிப்பைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதி வையுங்கள்.

8. வாரிசுச் சான்றிதழும் கூட்டுப்பட்டாவும்

இப்போதுதான் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் தருவார். அது உறவை மட்டும் காட்டும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. பெயர் விடுபட்டிருந்தால் உரிமை போய்விடாது. ஆனால் விடுபட்ட சான்றிதழை வைத்து வேகமாக விற்றுவிட முடியும் என்பதால் உடனே ஆட்சேபம் கொடுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப்பட்டாவுக்கு மனுப் போடுங்கள். பிரிப்பதற்கு அவசரமில்லை என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஒருவர் பெயரில் பட்டா இருந்தால் வாங்க வருபவர் அவரிடம் மட்டும் பேசுவார். ஐந்து பெயர் இருந்தால் ஐந்து கையெழுத்தைக் கேட்பார்.

9. பேசி முடிப்பதானால்

எல்லோரும் ஒப்புக்கொண்டால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம்தான் வழி. குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் ஒவ்வொரு பங்குக்கும் சந்தை மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள். சித்தப்பா பிள்ளைகள் போன்றோர் சேரும்போது இந்தச் சலுகை பொருந்துமா என்று பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் வரைபடம் இணையுங்கள். வடபுறம் அண்ணனுக்கு, தென்புறம் தம்பிக்கு என்று மட்டும் எழுதிவிட்டு, கிணறு, மின் இணைப்பு, வண்டிப்பாதை பற்றி ஒன்றும் சொல்லாமல் விடும் பத்திரம் அடுத்த சண்டைக்கு விதை. கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர், பாதை எத்தனை அடி அகலம் என்பதை எல்லைகளோடு எழுதுங்கள். மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருந்தால் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் சேருங்கள். நான் பார்த்தவரை, சென்ட் கணக்கில் வராத மனக்கசப்பு பாதையில்தான் வருகிறது.

ஒருவர் தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொள்ள விரும்பினால் மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதலாம். வெளியாருக்கு விற்க நினைத்தால், கூட வாரிசாக வந்தவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமையை 22ஆம் பிரிவு தருகிறது. எழுத்தில் கேட்டுவிட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. வழக்குப் போடுவதானால்

முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு. பங்கு கேட்டதும், மறுக்கப்பட்டதும் எந்தத் தேதியில் என்பதற்கு அது சான்று.

கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தந்தை விற்ற பூர்வீகச் சொத்தை எதிர்க்க, வாங்கியவர் அனுபவத்துக்கு வந்த நாளிலிருந்து 12 ஆண்டு. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் நிலத்தை உழுதுகொண்டிருக்கிறார் என்பதால் மட்டும் மற்றவர் உரிமை அழியாது. உனக்கு இதில் ஒன்றுமில்லை என்று வெளிப்படையாக மறுத்த நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

மனுவில் செய்யும் இரண்டு தவறுகள் வழக்கையே கொல்லும். சண்டையில்லாத சொத்தை விட்டுவிட்டு ஒரு சொத்துக்கு மட்டும் பாகம் கேட்பது ஒன்று. பங்குதாரர் ஒருவரை, வெளிநாட்டில் இருக்கிறார், நமக்கு வேண்டியவர் என்று சேர்க்காமல் விடுவது இன்னொன்று. எல்லாச் சொத்தும் எல்லாப் பங்குதாரரும் சேர வேண்டும். இடையில் வாங்கியவர்களும் தரப்பினராக வேண்டும்.

நீதிமன்றக் கட்டணம் நீங்கள் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவில், அனுபவத்தில் இருப்பவருக்கு நிலையான சிறு தொகை. வெளியேற்றப்பட்டவருக்குப் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதம். கட்டணத்தை மிச்சப்படுத்தக் கூட்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, பக்கத்துப் பத்தியிலேயே என்னைத் துரத்திவிட்டார்கள் என்று எழுதும் மனுக்களை எதிர்த்தரப்பு விட்டுவைக்காது.

வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடை மனுவும் போடுங்கள். சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தது போதும் என்று இருந்துவிட்டால், தடை உத்தரவு இல்லாத நிலையில் பதிவு நடந்துவிடலாம். பெண்களுக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் பலர் இனிப்புக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது உங்களுக்கு எத்தனையில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. எந்த மூலை யாருக்கு என்று சொல்வதில்லை. இறுதித் தீர்ப்பாணையையும் கேட்டு வாங்க வேண்டும். வழக்கறிஞர் ஆணையர் நில அளவருடன் வந்து அளந்து, பங்குகளைப் பிரித்து அறிக்கை தருவார். இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பிறகே நிறைவேற்றத்துக்குப் போகும். அதன் நகலைப் பதிவு செய்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், அளந்து கல் நட்டபின் புதிய உட்பிரிவு எண்ணோடு உங்கள் பெயரில் தனிப்பட்டா வரும். வந்ததும் புலப்படத்தில் அந்த எண்ணின் அளவுகள் ஆணையர் அறிக்கையோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பிழை இருந்தால் திருத்தத்துக்கு அப்போதே மனுக் கொடுங்கள்.